தாழ்குரற் கருவி: பேஸ் கிற்றாரைத் தெரிந்தெடுப்பது எவ்வாறு?

இசையை விரும்பாதார் உலகில் அரியர். விரும்புவோரிலும் அதனை நுணுகிக் கேட்போர் அவரினும் அரியர். கந்தப்பளையிலும் அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலும் திருவிழாக் காலத்தில் இசைக்குழு மேடையேறினால், கூட்டத்தின் கண்கள் முதலிற் பாடகரை நாடும். பின்னர் விரைந்து விரலோட்டும் கிற்றார்க் கலைஞரை நாடும். அதன்பின் முழவுகளின் நடுவே அமர்ந்திருப்பவரை நாடும். மேடையின் ஓரத்தில், நான்கே தந்திகளையுடைய நீண்ட கருவியொன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு அமைதியாக நிற்பவரை நோக்குவார் எத்தனை பேர்? எனினும், அவர் தம் கையை ஒரு கணம் எடுத்துவிட்டால் பாட்டு முழுவதும் நிலைகுலைந்து நிற்பதைச் செவியுடையார் அனைவரும் உணர்வர். அவர் கையிலிருப்பதே பேஸ் கிற்றார் எனப்படும் தாழ்குரற் கருவி.

அண்மைக் காலத்தில் நம் மாணவர் பலர் இக்கருவியின்பால் ஆர்வங்கொண்டுள்ளனர். “எதை வாங்குவது? எவ்வளவு கொடுக்கலாம்? சிறு பிள்ளையின் கைக்கு இது அடங்குமா?” என்னும் வினாக்களைப் பெற்றோரும் தொடுக்கின்றனர். வினா சிறிதாயினும் அதன் பின்னே ஒரு குடும்பத்தின் உழைப்பு நிற்கிறது. 2024ஆம் ஆண்டிலே தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. திங்களில் 25 நாள் வேலை கிடைத்தாலும் அக்கணக்கில் 33,750 ரூபாவே கைக்கு வரும். கருவியும் அதற்குரிய ஒலிபெருக்கியும் அத்தொகை முழுவதையும் விழுங்கிவிடக் கூடியவை. ஆகவே, ஆய்ந்து வாங்குதல் இங்கே வெறும் இரசனை பற்றிய செய்தியன்று. அது ஒரு தாயின் பல வாரக் கொழுந்தைப் பற்றிய செய்தி.

தாழ்குரலின் தொழில்

இக்கருவியின் நான்கு தந்திகளும் தடித்ததிலிருந்து மெல்லியது வரை முறையே நொடிக்கு ஏறத்தாழ 41, 55, 73, 98 முறை அதிர்கின்றன. சாதாரணக் கிற்றாரின் தடித்த தந்தி 82 முறை அதிர்கிறது. எனவே, பேஸ் கிற்றார் அதனினும் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கிறது. அடுத்தடுத்த இரு தந்திகளுக்கிடையே உள்ள தூரம், நம் சங்கீத மரபிற் கூறுவதாயின், சட்சத்திலிருந்து சுத்த மத்திமம் வரையிலானது.

இதன் கடமை இரண்டு. முழவோடு சேர்ந்து தாளத்தைக் காத்தல் ஒன்று. பாட்டோடு சேர்ந்து சுரத்தின் அடித்தளத்தைக் காட்டுதல் மற்றொன்று. தாளத்திற்கும் பண்ணுக்கும் இடையே இது பாலமாய் நிற்கிறது. பாடகர் பாடும் சுரம் மாறாதிருக்கும்போதும், கீழே ஒலிக்கும் அடிச்சுரம் மாறினால் பாட்டின் மெய்ப்பாடே மாறிவிடும். மகிழ்ச்சி ஏக்கமாகும், ஏக்கம் அமைதியாகும். கேட்பவர் காரணம் அறியார். மாற்றத்தை மட்டும் உணர்வர்.

கருவி மேனாட்டினது; ஆயினும் அதன் இலக்கணம் நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மாதவியின் அரங்கேற்றத்திற்குத் துணைநின்ற தண்ணுமை ஆசிரியனின் தகுதிகளை விரித்துரைக்கிறது. பிற கருவிகளின் ஒலி குறையுமிடத்து அதனை நிரப்புவதும், மிகுமிடத்து அடக்குவதும், தன் ஒலி எங்கும் மிகைபடாமற் காப்பதும் அவன் தொழில் என்று இளங்கோவடிகள் வகுத்துக் காட்டுகிறார். இன்றைய பேஸ் கிற்றார்க் கலைஞனுக்கு இதனினும் சிறந்த இலக்கணம் வேறு எங்கே கிடைக்கும்?

நம் மலையகத்துத் தப்பும் இவ்வுண்மையைப் போதிப்பதே. முற்காலத்தில் விடியற்பொழுதிற் பிரட்டுக்கு ஆள் திரட்டவும் அது முழங்கியது. காமன் கூத்திலும் அதன் முழக்கமே ஆட்டத்தை நடத்திச் செல்கிறது. அடிப்பதற்கு முன்னர் தோலை நெருப்பிற் காய்ச்சிப் பதம் பார்ப்பதும், மழையீரத்தில் அது தளர்ந்தபோது மீண்டும் காய்ச்சுவதும் தப்புக் கலைஞர் பரம்பரையாக அறிந்தவை. கருவியைக் காலநிலைக்கேற்பப் பேணும் அறிவு நம் லயன்களில் ஏற்கெனவே உள்ளது.

திரையிசையிலும் சான்றுகள் பல. 1976இல் ‘அன்னக்கிளி’ மூலம் அறிமுகமான இளையராஜா, தாழ்குரற் பகுதியைப் பாட்டின் மற்றொரு குரலாகவே அமைத்தார். அவர் பாடல்கள் பலவற்றில் அதனை வாசித்தவர் சசிதரன். 1980இல் வெளியான ‘மூடுபனி’யிற் கே. ஜே. ஜேசுதாஸ் கிற்றாரோடு பாடும் பாடலை ஒருமுறை தாழ்குரலை மட்டும் பின்தொடர்ந்து கேட்டுப் பாருங்கள். பாட்டினுள்ளே இன்னொரு பாட்டு ஓடுவது புலப்படும். ஏ. ஆர். ரகுமானின் பாடல்களில் அவ்விடத்தைக் கீத் பீட்டர்ஸ் நிரப்பினார். பாடகரின் பெயரை அறிந்த நாம் இவர்களின் பெயரை அறியாதிருந்தோம் என்பதே தாழ்குரலின் இயல்பைக் காட்டுகிறது.

கருவி பிறந்த வரலாறு

முன்னாளில் தாழ்ந்த ஒலிக்கு ஆளுயரமுள்ள பெரிய வயலின் போன்ற கருவியையே பயன்படுத்தினர். அதனைச் சுமந்து திரிதல் அரிது. முழவும் பித்தளைக் கருவிகளும் முழங்கும்போது அதன் ஒலி அமிழ்ந்தும் போயிற்று. 1930களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்துப் போல் டுட்மார்க் என்பார் மின்னாற்றலால் ஒலிக்கும் சிறிய கருவியொன்றை அமைத்தார், அது பரவவில்லை. 1951இல் கலிபோர்னியாவில் லியோ பெண்டர் வெளியிட்ட கருவியே உலகெங்கும் பரவியது. பழைய பெருங்கருவிக்கு மெட்டுகள் இல்லை; ஆதலால் விரல் சிறிது பிசகினும் சுருதி பிசகும். பெண்டரோ வீணையிற் போல மெட்டுகளை அமைத்தார். சுருதி துல்லியமாக விழுந்தமையால் அக்கருவிக்குத் ‘துல்லியம்’ என்று பொருள்படும் ‘பிரிசிஷன்’ என்னும் பெயரையே சூட்டினார்.

விலையும் பெருமையும்

விலை மிகுந்த கருவியே சிறந்த இசையைத் தரும் என்று எண்ணுவோர் இரு வரலாறுகளை அறிதல் நலம். பீற்றில்ஸ் குழுவின் போல் மக்கார்ட்னி, 1961இல் ஜெர்மனியின் ஹம்பேர்க் நகரிலே, ஏறத்தாழ 30 பவுணுக்கு வயலின் வடிவிலான ஹோப்னர் கருவியொன்றை வாங்கினார். பெண்டரின் கருவி அவர் பணப்பைக்கு எட்டாதிருந்தது. இடக்கையாளரான அவர் கருவியைத் திருப்பிப் பிடித்தாலும் இருபுறமும் ஒத்த அதன் வடிவம் விகாரமாகத் தோன்றவில்லை. அம்மலிவான, எடை குறைந்த கருவியே பின்னர் உலகப் புகழ் பெற்றது. 1972இல் களவு போன அது மீண்டும் அவர் கையைச் சேர்ந்த செய்தி 2024இல் வெளியாயிற்று.

டெட்ரோயிட் நகரத்து ஜேம்ஸ் ஜேமர்சன் மற்றொருவர். மோட்டவுன் இசைத்தட்டுகளில் ஒலிக்கும் தாழ்குரலில் பெரும்பகுதி அவருடையது. வலக்கையின் சுட்டுவிரல் ஒன்றினாலேயே வாசித்தார். பழைய தந்திகளை மாற்றவும் அவர் விரும்பவில்லை. பல்லாண்டுகள் அவ்விசைத்தட்டுகளின் உறைகளில் அவர் பெயர் அச்சேறவில்லை. ஆயினும் இன்று அக்கருவியைக் கற்போர் அனைவரும் அவரை ஆசானாகக் கொள்கின்றனர். பெருமை கருவியிலா, கையிலா?

தெரிவு செய்யும் முறை

முதலாவது, நீளம். மேற்குதிரையிலிருந்து கீழ்க்குதிரை வரை தந்தி அதிரும் நீளம் பொதுவாக 34 அங்குலம். 30 அங்குலமுள்ள குறுங்கருவிகளும் உண்டு. முதல் நான்கு மெட்டுகளும் முன்னதில் ஏறத்தாழ 7 அங்குலம் பரவும். பின்னதில் 6 அங்குலத்தைச் சற்றே கடக்கும். சிறு கைகளையுடைய மாணவ மாணவியர்க்குக் குறுங்கருவி நோவின்றிப் பழக உதவும். அது தாழ்ந்த தரமுடையது என்று எண்ணல் வேண்டா. மக்கார்ட்னியின் கருவியும் குறுங்கருவியே.

இரண்டாவது, எடை. பெரும்பாலானவை 4 கிலோ அளவில் இருக்கும். வாருடன் தோளில் மாட்டிக் கையை விட்டுப் பாருங்கள். கழுத்துப்பகுதி நிலத்தை நோக்கித் தாழ்ந்தால், அதனைத் தாங்குவதிலேயே இடக்கையின் வலிமை கழியும்.

மூன்றாவது, கழுத்து. தடித்த தந்தியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் ஒருங்கே அழுத்திக்கொண்டு, நடுவிலுள்ள மெட்டுக்கும் தந்திக்கும் உள்ள இடைவெளியைக் காண்க. கனத்த தாள் நுழையும் அளவு இடைவெளி நன்று. அதனினும் மிகுந்தால் கழுத்து வளைந்துள்ளது எனக் கொள்க. கழுத்தினுள்ளே ஓடும் இரும்புக் கோலைத் திருகி வளைவைச் சீராக்கலாம்; ஆனால் கழுத்து முறுக்கிக்கொண்டிருந்தால் அக்கருவியை விட்டு விலகுதலே அறிவுடைமை.

நான்காவது, சுருதி. தந்தியின் நடுவிடமான 12ஆம் மெட்டின்மேல் விரலால் மெல்லத் தொட்டு மீட்டினால் மணிபோன்ற ஒலி பிறக்கும். அதே மெட்டை அழுத்தி மீட்டும் ஒலியும் அதனோடு ஒத்திருத்தல் வேண்டும். ஒவ்வாவிடின் குதிரையை நகர்த்திச் சரிசெய்ய இயலுமா என்று கடைக்காரரைக் கேளுங்கள். பின்னர் நான்கு தந்திகளிலும் ஒவ்வொரு மெட்டையும் அழுத்தி மீட்டுக. எங்கேனும் தந்தி கறகறத்தால் மெட்டு தேய்ந்திருக்கலாம். பிரடைகளைத் திருகிச் சுருதி சேர்த்துச் சிறிது நேரம் வாசித்தபின்னும் சுருதி நிற்கிறதா என்று பார்த்தலும் வேண்டும்.

ஐந்து தந்தி, ஆறு தந்திக் கருவிகளின் கவர்ச்சியில் மயங்க வேண்டா. தொடங்குவோர்க்கு நான்கே போதும். பழகிய ஒருவரை உடன் அழைத்துச் சென்றால், பிறர் பாவித்த கருவியும் நல்ல தெரிவாகலாம்.

குளிரும் லயன் காம்பராவும்

கந்தப்பளை 6000 அடிக்கு மேற்பட்ட உயரத்திலுள்ளது. மூடுபனியும் மழையும் நிறைந்த மாதங்களில் மரம் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும். சனவரி, பெப்ரவரி மாதங்களின் வறண்ட பகற்பொழுதுகளிற் சுருங்கும். ஆதலாற் கழுத்தின் நேர்மையை ஆண்டுக்கு இருமுறையேனும் சோதித்தல் நன்று. கருவியை ஈரச்சுவரிற் சாய்த்து வைத்தலும், குளிர் நீங்கட்டும் என்று அடுப்பருகே வைத்தலும் ஆகா. தப்பை நெருப்பிற் காய்ச்சலாம், கிற்றாரைக் காய்ச்சலாகாது. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் தந்திகளைத் துடைத்து உறையிலிட்டால் துரு அணுகத் தாமதிக்கும்.

இன்னொன்று. இக்கருவியின் மிகத் தாழ்ந்த ஒலியலையின் நீளம் ஏறத்தாழ 8 மீற்றர். பழைய லயன் காம்பராவோ 10 அடிக்கு 12 அடி. அறையினும் இருமடங்கு நீண்ட அலை சுவரைக் கடந்து அடுத்த வீட்டுக் குழந்தையின் உறக்கத்தைக் கலைக்கும். விடியுமுன் எழுந்து மலையேறும் மக்கள் வாழுமிடத்தில் இஃது அற்ப செய்தியன்று. ஆதலாற் பெரிய ஒலிபெருக்கியை நாடாது, ஹெட்போன் பொருத்தத்தக்க சிறியதொன்றை வாங்குதலே முறை. சாதாரணக் கிற்றாருக்குரிய சிறு ஒலிபெருக்கியில் இதனை உரத்து வாசித்தால் அதன் கூம்புத்தாள் கிழியக்கூடும். மின்னிணைப்பிற் புவித்தொடுப்பு இருத்தல் கட்டாயம். தந்தி உலோகம், கை ஈரம், 230 வோல்ற் மின்சாரம் விளையாட்டன்று.

பயிற்சி

நாள்தோறும் அரைமணி நேரம் போதும், நாள் தவறலாகாது. கைத்தொலைபேசியில் தாளம் காட்டும் செயலியை மெல்லிய வேகத்தில் ஓடவிட்டு, சுட்டுவிரலையும் நடுவிரலையும் மாற்றி மாற்றி மீட்டிப் பழகுக. முதலிற் சட்சத்தையும் பஞ்சமத்தையும் பற்றிக்கொள்ளுங்கள். ஒரு தந்தியிற் சட்சம் இருக்குமாயின், அதே மெட்டில் அடுத்த தடித்த தந்தியே மந்தர பஞ்சமம். இவ்விரண்டையும் கொண்டே எத்தனையோ பாடல்களுக்குத் துணைநிற்கலாம். ஒலியை எழுப்புவதைப் போலவே உரிய இடத்தில் விரலால் அடக்குவதையும் கற்க வேண்டும். தாழ்குரற் கலையிற் பாதி மௌனமே. வாய்ப்புள்ளவர், தோட்டத்துத் தப்புக் கலைஞரொருவரின் அருகமர்ந்து அவர் அடியையும் இடைவெளியையும் எண்ணிப் பழகுவாராயின், கைபேசி தராத இலயம் கைக்கு வரும். அவரை இழிவாக நோக்கிய பழைய மனப்பான்மையும் அவ்வழியே அகலும்.

பெற்றோர்க்கு ஒரு சொல். பிள்ளை கேட்ட மாத்திரத்திற் கடன்பட்டு வாங்க வேண்டா. கேட்டதற்காகவே கடிந்துகொள்ளவும் வேண்டா. குழுவிலுள்ளோரின் கருவியை இரவல் பெற்று மூன்று திங்கள் பழகட்டும். விரல் நுனி காய்த்த பின்னும் ஆர்வம் குன்றாதிருப்பின், அப்போது அளவான விலையில் ஒன்று வாங்கிக் கொடுங்கள். மாணவர்க்கும் ஒரு சொல். மேடையின் நடுவிடத்தை விரும்புவோர் பலர். பாட்டைத் தாங்கி நிற்க முன்வருவோர் சிலர். தேயிலைச் செடியின் கொழுந்தை உலகம் பருகுகிறது. வேரை எவரும் பருகுவதில்லை. எனினும் வேரின்றிக் கொழுந்தில்லை என்பதை நம் மலைநாட்டுப் பிள்ளைகளுக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. அவ்வறிவோடு கருவியை ஏந்துவோர் கையில், நான்கு தந்தியும் நன்றாகவே பேசும்.