தானாக விழ வேண்டிய சக்கரங்கள்

விமானத்தின் சக்கரங்களைக் கீழே இறக்குவதைவிட மேலே நிறுத்தி வைப்பதுதான் கடினம். அவ்வளவு எடையையும் எண்ணெய் அழுத்தத்தால் மடக்கி உள்ளே இழுத்து, கொக்கி போட்டுப் பூட்டுகிறார்கள். கொக்கி விலகினால் போதும், எடையே சக்கரங்களைக் கீழே கொண்டுவந்துவிடும். எதிர்க்காற்றும் முன்சக்கரத்தைப் பின்னால் தள்ளி நிமிர்த்தும். எண்ணெய் முழுக்கத் தீர்ந்துபோனாலும் புவியீர்ப்பு தீராதே!

இந்த ஏற்பாட்டுக்கு 2011 நவம்பர் 1 அன்று ஒரு கடும் சோதனை வந்தது. அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து போலந்தின் வார்சாவுக்குக் கிளம்பிய லாட் நிறுவனத்தின் போயிங் 767 விமானத்தில் 231 பேர் இருந்தார்கள். மேலெழும்பிய சற்று நேரத்தில், வலப்பக்கச் சக்கரத்தருகே ஒரு குழாய் வெடித்து, நடு ஹைட்ராலிக் அமைப்பின் எண்ணெய் வெளியேறிவிட்டது. சக்கரங்களை இறக்குவது அந்த அமைப்புதான். ஆனால் மாற்று வழி இருந்தது: ஒரு மின்மோட்டார் கொக்கிகளை விடுவிக்கும். அதை நம்பி அட்லாண்டிக்கைக் கடந்ததில் தவறில்லை.

வார்சாவை நெருங்கியதும் மாற்று சுவிட்சைப் போட்டார்கள். சக்கரங்கள் அசையவில்லை. ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வட்டமடித்தார்கள். போர் விமானங்கள் இரண்டு அருகே பறந்து பார்த்து, ஒரு சக்கரமும் இறங்கவில்லை என்று உறுதி செய்தன.

வட்டமடித்தது எரிபொருளைத் தீர்ப்பதற்கும்தான். எடை குறைந்தால் குறைந்த வேகத்தில் இறங்கலாம். உரசலில் பொறி பறந்தாலும் பற்றுவதற்கு எரிபொருள் அதிகம் இருக்காது. 2024 அக்டோபரில் திருச்சியிலிருந்து சார்ஜா கிளம்பிய விமானம் ஹைட்ராலிக் கோளாறால் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் வானில் சுற்றிவிட்டுப் பத்திரமாக இறங்கியதே, அதற்கும் இதுதான் காரணம்.

வார்சாவில் ஓடுபாதையில் நுரை தெளிக்கப்பட்டது. கேப்டன் ததேவுஷ் வ்ரோனா, இன்ஜின் இல்லாத கிளைடர்களிலும் நெடுநாள் பழகியவர். இறக்கைகள் இம்மியும் சாயாமல் விமானத்தைத் தரையில் படியவைத்தார். ஒரு பக்கம் முதலில் பட்டிருந்தால் விமானம் சுழன்றிருக்கும். இரண்டு இன்ஜின் உறைகளும் ஓடுபாதையில் தேய்ந்து பொறி பறக்க, அது நேர்கோட்டிலேயே சறுக்கி நின்றது. ஒருவருக்கும் பலத்த காயமில்லை. அந்தத் தரையிறக்கத்தின் வீடியோவை எத்தனை முறை பார்த்தாலும் மனம் நெகிழ்கிறது.

மோட்டார் ஏன் ஓடவில்லை? வீட்டில் மின்சாரம் மிகையானால் ட்ரிப் ஆகும் பிரேக்கர் போல, விமானி அறையிலும் வரிசை வரிசையாக சர்க்யூட் பிரேக்கர்கள் உண்டு. அவற்றில் சி829 என்ற ஒன்று வெளியே தள்ளிக்கொண்டு நின்றிருந்தது. மோட்டாருக்கு மின்சாரம் போகும் வழி அதுதான். பறக்கும்போது அது யார் கண்ணிலும் படவில்லை. பிறகு விமானத்தைத் தூக்கி நிறுத்தி, பிரேக்கரை உள்ளே அழுத்தி, அதே மாற்று வழியை இயக்கினார்கள், சக்கரங்கள் இறங்கின.

அந்த பிரேக்கர் இருந்த இடம் துணை விமானிக்குப் பக்கத்தில், தரையை ஒட்டி. ஏதாவது தட்டினாலே அது விடுபட்டிருக்கக்கூடும். கடைசி நம்பிக்கையான மின்வழியைக் கால்மாட்டில் வைத்தது எனக்கு ஏற்கவே முடியாத வடிவமைப்பு. போயிங் 737-இல் இந்தச் சிக்கலே கிடையாது: விமானி அறைத் தரையில் ஒரு மூடியைத் திறந்தால் மூன்று கைப்பிடிகள். இழுத்தால் கம்பிவடம் நேராகக் கொக்கியை விடுவிக்கும். நடுவில் மோட்டாரும் இல்லை, மின்சாரமும் இல்லை.