செஞ்சிப் பகுதிக் கோயில்களில் படைப்புக் கதையும் விலங்குக் குறியீடுகளும்

விழுப்புரம் மாவட்டம் செஞ்சிக் கோட்டையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் உள்ள வைணவக் கோயில்களில், உலகத்தின் தோற்றத்தையும் மனிதகுலத்தின் தோற்றத்தையும் கூறும் புராணக் கதைகளோடு தொடர்புடைய விலங்கு உருவங்கள் இடம்பெறுகின்றன. பாம்பு, மீன், பன்றி ஆகியவை இவற்றுள் முதன்மையானவை.

பாம்பு

செஞ்சிக்கு வடக்கே உள்ள சிங்கவரம் அரங்கநாதர் கோயில் பல்லவர் காலக் குடைவரை ஆகும். இங்குத் திருமால் ஆதிசேடன் மீது பள்ளிகொண்ட கோலத்தில் பாறையிலேயே செதுக்கப்பட்டுள்ளார். 'சேஷம்' என்னும் வடசொல்லுக்கு 'எஞ்சியது' என்று பொருள். ஊழியில் உலகம் அழிந்த பின்னும் எஞ்சி நிற்பதைப் பாம்பு குறிக்கிறது. திருமாலின் உந்தித்தாமரையில் நான்முகன் தோன்றிப் படைப்பைத் தொடங்குவதாகப் புராணங்கள் கூறுகின்றன.

மீனும் பன்றியும்

கோட்டைக்குள் உள்ள வெங்கடரமணர் கோயில் நாயக்கர் காலத்தைச் சேர்ந்தது. இதன் கோபுர வாயிலில் திருமாலின் அவதாரங்களும், வாசுகிப் பாம்பைக் கயிறாகக் கொண்டு பாற்கடல் கடையும் காட்சியும் செதுக்கப்பட்டுள்ளன.

அவதாரங்களுள் முதலாவது மீன். திராவிட நாட்டு அரசன் சத்தியவிரதன் கிருதமாலை ஆற்றில் நீரை அள்ளியபோது சிறுமீன் ஒன்று கைக்கு வந்ததாகப் பாகவத புராணம் கூறுகிறது. அந்த ஆற்றை வைகை எனக் கொள்வோர் உண்டு. ஊழி வெள்ளத்தில் அவனையும் ஏழு முனிவரையும் விதைகளையும் ஏற்றிய ஓடத்தை மீன் காத்தது. அடுத்த காலத்தில் அவனே மனு ஆனான். மனுவின் வழிவந்தோர் 'மானவர்' எனப்பட்டனர்.

பன்றி உருவம் நிலத்தைக் குறிக்கிறது. மக்கள் வாழ இடம் வேண்டுமென முதல் மனு கேட்க, நீரில் மூழ்கிய நிலமகளைப் பன்றி தன் கோரைப்பல்லால் தூக்கி வந்தது என்பது கதை.

பரிணாமக் கருத்துடன் ஒப்பீடு

மீன், ஆமை, பன்றி, மனிதச்சிங்கம், குள்ளன் என்னும் அவதார வரிசையை டார்வினின் பரிணாமக் கோட்பாட்டுடன் ஒப்பிடுவது பரவலாக உள்ளது. பிளாவட்ஸ்கி அம்மையார் 1877இல் வெளியிட்ட நூலிலேயே இவ்வொப்பீடு காணப்படுகிறது. ஆயினும் புராணங்கள் மனிதன் விலங்கிலிருந்து தோன்றினான் எனக் கூறவில்லை. அங்கு விலங்கு மனிதனின் மூதாதை அன்று. அவனைக் காக்க வந்த இறைவனின் வடிவம்.

இன்றைய நிலை

வெங்கடரமணர் கோயிலின் தூண்கள் சில பிரெஞ்சுக்காரரால் புதுச்சேரிக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அவை இன்று அங்குக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன. செஞ்சிக் கோட்டை 2025 சூலையில், மராத்தியர் கோட்டைத் தொகுதியின் பகுதியாக யுனெசுக்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.