சக்கரம் ஆடினால் ஆபத்து, இறுகினால் பேராபத்து

சென்ற மாதம் நம் சங்க அன்பர் ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பையன் தன் சேமிப்பில் ஒரு பழைய டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் கார் வாங்கியிருக்கிறான். இரண்டே இருக்கை, துணிக்கூரை. வரும் ஞாயிறு அனந்தகிரி மலைக்கு அதில் போக ஆசை. "முன்சக்கரத்தில் ஏதோ இரைச்சல் கேட்கிறது மாமா, நட்டை நன்றாக இறுக்கிவிட்டால் போதுமா?" என்று கேட்டான். அந்தக் கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது.

ஸ்பிட்ஃபயர் 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் தயாரான வண்டி. ஆனால் நமக்கு அந்நியமல்ல. அதன் முன்சக்கர அமைப்பு டிரையம்ப் ஹெரால்டிலிருந்து வந்தது. அதே ஹெரால்டைத்தான் நம் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1961 முதல் தயாரித்தது. நம்மில் பலர் சிறுவயதில் அதில் நெருக்கியடித்து உட்கார்ந்து போயிருப்போம்.

ஒவ்வொரு முன்சக்கரத்தின் ஹப்பிலும் இரண்டு டேப்பர் ரோலர் பேரிங்குகள் உண்டு. உள்ளே பெரியது, வெளியே சிறியது. ரோலர்கள் கூம்பு வடிவில் சாய்ந்திருப்பதால் வண்டியின் பாரத்தையும் திருப்பத்தில் வரும் பக்கவாட்டுத் தள்ளலையும் சேர்த்துத் தாங்கும். ஹென்றி டிம்கன் 1898-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. ரயில் பெட்டிகளிலும் இவ்வகை பேரிங்குகள் உண்டு.

நான் செகந்தராபாத் யார்டில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், பழைய சரக்கு வேகன்களில் ரோலரே கிடையாது. வெள்ளை உலோகம் பூசிய பித்தளையும் எண்ணெயில் நனைத்த பஞ்சும்தான். எண்ணெய் வற்றினால் ஆக்ஸில் பெட்டி புகையும். கவனிக்காமல் விட்டால் ஆக்ஸில் முனையே முறிந்து வண்டி தடம்புரளும். வண்டி உள்ளே வரும்போது டி.எக்ஸ்.ஆர். தண்டவாளத்தருகே நின்று காதால் கேட்பார், மூக்கால் முகர்வார், நின்றதும் பெட்டியைத் தொட்டுப் பார்ப்பார். காருக்கும் அதே மூன்று சோதனைதான்.

முதலில் காது. வேகம் கூடக் கூட முனகல் கூடுகிறதா? இடப்பக்கம் வளையும்போது பளு வலப்பக்கச் சக்கரத்தில் ஏறும். அப்போது சத்தம் கூடினால் சந்தேகம் வலப்பக்கத்தின் மேல். பையனின் வண்டி வலப்பக்கம் வளையும்போதுதான் முனகியது. ஆகவே இடது முன்சக்கரம்.

அடுத்து கை. பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தைத் தூக்கி, ஸ்டாண்டின் மேல் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யாதீர்கள். டயரை மேலும் கீழுமாகப் பிடித்து அசையுங்கள். ஆட்டம் இருந்தால் வேறொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங். நிற்காவிட்டால் மேலுள்ள பால் ஜாயின்ட் அல்லது கீழுள்ள டிரன்னியன். (இந்த டிரன்னியனுக்குக் கிரீஸ் அல்ல, கெட்டியான கியர் ஆயில்தான் போட வேண்டும். தெரியாமல் கிரீஸ் அடித்தவர்கள் பலர்.)

மூன்றாவது சூடு. பிரேக்கை அதிகம் மிதிக்காமல் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இரு ஹப்புகளையும் ஒப்பிடுங்கள். முதலில் புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள், பிறகுதான் தொடலாம். ஒன்று மட்டும் அதிகம் சுட்டால் கழற்ற வேண்டியதுதான்.

கழற்றியதும் மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்துங்கள். காற்றுக்குழாய் கொண்டு பேரிங்கைச் சுழற்றி விளையாட வேண்டாம், கேஜ் சிதறலாம். வெயிலில் வைத்து ஒவ்வொரு ரோலராகப் பாருங்கள். குழி, செதில், நீலம் பாய்ந்த நிறம், இவற்றில் எது இருந்தாலும் அந்த பேரிங்கைத் தூக்கி எறியுங்கள். உள்ளே ரோலரை மட்டும் மாற்றி, ஹப்பில் பழைய ரேஸையே விட்டுவைப்பது வீண் சிக்கனம், இரண்டும் ஜோடி. பழைய பேரிங்கில் பொறித்த எண்ணைக் குறித்துக்கொண்டு போனால் கடைக்காரரும் குழம்ப மாட்டார். ஃபெல்ட் வாஷரையும் புதிதாகப் போடுங்கள். மழைக்காலத்தில் நம் நகரச் சாலைகளில் முழங்கால் தண்ணீரில் ஓட்டியிருந்தால், பேரிங்கைத் திறந்து பார்க்காமல் விடாதீர்கள்.

டிஸ்க் பிரேக் சூட்டைத் தாங்கும் நல்ல லித்தியம் கிரீஸை உள்ளங்கையில் வைத்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, ரோலர்களுக்கு இடையே மறுபக்கம் பிதுங்கும் வரை ஏற்றுங்கள். மூடியை நிரப்ப வேண்டாம். அளவுக்கு மீறிய கிரீஸும் சூட்டைக் கிளப்பும்.

இனி பையனின் கேள்வி. நான் முதலில் வைத்திருந்தது செகண்ட் ஹேண்ட் ஹெரால்ட். 'ரயில்வேக்காரன் அல்லவா' என்ற மமதையில், சக்கரத்தில் துளியும் ஆட்டம் கூடாதென்று நட்டை இறுக்கிவிட்டு, மனைவி, கைக்குழந்தையுடன் விஜயவாடா புறப்பட்டேன். சூரியாபேட்டை வருமுன்பே யார்டில் பழகிய அந்தக் கருகல் வாடை. இறங்கிப் பார்த்தால் கிரீஸ் உருகி ரிம்மில் வழிகிறது. ஸ்டப் ஆக்ஸில் நீலம் பாய்ந்துவிட்டது. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் சக்கரமே கழன்றிருக்கும். அன்று அவர்களைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, காரை லாரியில் கட்டி இழுத்து வந்தேன்.

காரணம் எளிது. ஓடும்போது பேரிங் சூடாகி விரியும். விரிய இடமில்லையென்றால் உராய்வு, உராய்வால் மேலும் சூடு, சூட்டால் மேலும் இறுக்கம். ஆகவே, சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை இலேசாக இறுக்கி ரோலர்களை அமரவிட்டு, பிறகு நட்டின் ஒரு முகம், அதாவது ஆறில் ஒரு பங்கு சுற்று, தளர்த்துங்கள். டயல் கேஜ் இருந்தால் 0.05 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை ஆட்டம் தெரிய வேண்டும். அதற்கு மேல் போனால் டிஸ்க் அசைந்து பிரேக் பேடுகளைப் பின்னுக்குத் தள்ளும். பெடல் ஆழமாக இறங்கும். காட்டர் பின் எப்போதும் புதிது.

பின்சக்கரம் வேறு கதை. அந்த ஹப் ஷாஃப்டில் கவ்விக்கொண்டிருக்கும். தகுந்த புல்லரும் பிரஸ்ஸும் உள்ள பட்டறைக்குக் கொடுத்துவிடுங்கள்.

பையனின் இடது உள் பேரிங்கில் இரண்டு ரோலர்கள் செதில் உதிர்ந்திருந்தன. சென்னை புதுப்பேட்டையிலிருந்து புதிது வந்தது. இரண்டு சக்கரத்துக்கும் மாற்றினோம். ஞாயிறன்று அனந்தகிரி போய்த் திரும்பியதும் தந்தையே குனிந்து இரு ஹப்புகளையும் தொட்டுப் பார்த்து எனக்குப் போன் செய்தார்: "ரெண்டும் ஒரே சூடு சார், கை வைக்க முடிகிறது." 500 கிலோமீட்டர் ஓடியதும் ஆட்டத்தை மறுபடி பார்க்கக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.