யாருக்காக யார் எரிவது?

மாசி அமாவாசை கழிந்ததும் பதுளை, பசறை, ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டங்களில் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவார்கள். காப்புக் கட்டியவர்கள் விரதம் இருப்பார்கள். தப்பு முழங்கினால் லயத்தில் யாருக்கும் தூக்கம் கிடையாது. காமன் கூத்தை நம் படிப்பாளிகள் 'சடங்கு' என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அது துன்பியல் நாடகம். கிரேக்கர்களின் நாடகங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பேச வேண்டியது.

யூரிப்பிடீஸின் 'அல்கெஸ்டிஸ்' கி.மு. 438இல் ஏதென்ஸில், டயோனிசஸ் விழாவில் அரங்கேறியது. அதுவும் திருவிழாக் கூத்துதான். அங்கேயும் பெண் வேடம் கட்டியவர்கள் ஆண்கள்தாம். அட்மீட்டஸ் அரசனுக்குச் சாவு நெருங்குகிறது. அவனுக்குப் பதிலாக இன்னொருவர் உயிர் கொடுத்தால் அவன் பிழைப்பான். வயதான தாயும் தகப்பனும் மறுக்கிறார்கள். மனைவி அல்கெஸ்டிஸ் சம்மதித்துச் சாகிறாள். அவள் உடலை வைத்துக்கொண்டு மகனும் தகப்பனும் சண்டை போடுகிறார்கள். வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருக்க உனக்கு ஆசையென்றால் எனக்கு மட்டும் இருக்காதா என்று தகப்பன் கேட்கிறான். அந்த இடம்தான் நாடகத்தின் உயிர். தன் உயிர் தப்ப இன்னொருத்தியைச் சாகவிட்டவனை நல்லவன் என்று எப்படிச் சொல்வது? யூரிப்பிடீஸ் தீர்ப்பு சொல்வதில்லை.

காமன் கதையிலும் இதே கணக்குத்தான். தேவர்களின் துன்பம் தீரச் சிவனின் தவம் கலைய வேண்டும். கலைப்பவன் சாம்பலாவான். தேவர்களில் ஒருவரும் போகவில்லை, மன்மதனை அனுப்புகிறார்கள். போகாதே என்று ரதி மறிக்கிறாள். கட்டளையை மீற முடியாது என்கிறான் மதன். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது, அதனால்தான் விடிய விடிய அந்தத் தர்க்கத்தைக் கேட்க முடிகிறது. கிரேக்க நாடகத்தில் சாவுச் செய்தியைப் பெரும்பாலும் தூதன் வந்துதான் சொல்வான். இங்கே எல்லார் கண்ணெதிரிலும் காமன் எரிகிறான். ரதியின் ஒப்பாரியில் லயத்துப் பெண்களும் சேர்ந்து அழுகிறார்கள்.

செத்தவர் திரும்பி வருவதும் இரண்டிலும் உண்டு. ஹெராக்கிளீஸ் சாவுடன் மல்லுக்கட்டி அல்கெஸ்டிஸை மீட்டு வருகிறான். மூன்றாம் நாள்வரை அவள் வாய் திறக்கக் கூடாது. நம் மதனும் மூன்றாம் நாள்தான் எழுகிறான், அதுவும் ரதியின் கண்ணுக்கு மட்டும்.

இந்தக் கதை ஏன் தோட்டத்தில் இவ்வளவு ஆழமாக வேர்விட்டது? கட்டளை ஓரிடத்திலும் சாவு வேறிடத்திலும் இருப்பதை இந்த மக்கள் நன்றாக அறிவார்கள். கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரியும் ஆபத்து இருப்பதாக ஆண்டுகளுக்கு முன்பே எச்சரிக்கை வந்திருந்தது. சனங்களுக்கு மாற்று வீடு கிடைக்கவில்லை. 2014 ஒக்டோபர் 29 காலை லயங்கள் மண்ணுக்குள் போயின. பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. அங்கே எந்த ஹெராக்கிளீஸும் வரவில்லை.

உயர்தரத்தில் 'நாடகமும் அரங்கியலும்' படிக்கும் நம் பிள்ளைகள் கிரேக்க அரங்கைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்கிறார்கள். ஊவாவின் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வருகிற மாசியில் அவர்களைக் காமன் பொட்டலுக்கு அழைத்துப் போங்கள். பாட்டுத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே அந்தத் தர்க்கத்தையும் ஒப்பாரியையும் முழுமையாகப் பதிவு செய்துவிடுங்கள்.