தொன்லே சாப் ஏரியின் வெள்ளக்காடுகள்

தொன்லே சாப் ஏரியின் வெள்ளக்காடுகள் என்பவை, கம்போடியா நாட்டின் நடுப்பகுதியில் உள்ள தொன்லே சாப் ஏரியைச் சூழ்ந்து, ஆண்டுதோறும் பல மாதங்கள் நீரில் மூழ்கியிருக்கும் காடுகளும் புதர்க்காடுகளும் ஆகும். இவற்றின் பெரும்பகுதி சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. எனினும், கடந்த சில பத்தாண்டுகளில் இக்காடுகள் அழிக்கப்பட்டு நெல்வயல்களாக மாற்றப்படுவது தொடர்ந்து வருகிறது. ஏரியின் மீன்வளம் இக்காடுகளைச் சார்ந்திருப்பதால், காடழிப்பு இங்கு மக்களின் உணவுச் சிக்கலாகவும் உள்ளது.

ஏரியின் இயல்பு

தொன்லே சாப் தென்கிழக்கு ஆசியாவின் மிகப்பெரிய நன்னீர் ஏரியாகும். இவ்வேரியைத் தொன்லே சாப் ஆறு, தலைநகர் புனோம் பென் அருகே மேக்கொங் ஆற்றுடன் இணைக்கிறது. மழைக்காலத்தில் மேக்கொங் ஆற்றின் நீர்மட்டம் உயரும்போது, இவ்விணைப்பு ஆறு தன் திசையை மாற்றி ஏரியை நோக்கிப் பாய்கிறது. இதனால் வறண்ட காலத்தில் சுமார் 2,500 சதுர கிலோமீட்டராக இருக்கும் ஏரியின் பரப்பு, வெள்ளக்காலத்தில் சுமார் 15,000 சதுர கிலோமீட்டர் வரை விரிகிறது. ஆழமும் ஏறத்தாழ 1 மீட்டரிலிருந்து 9 மீட்டர் வரை உயர்கிறது. மழை ஓய்ந்தபின் நீர் மீண்டும் மேக்கொங்கிற்கே திரும்புகிறது.

காடும் மீனும்

வெள்ளக்காட்டு மரங்கள் நீரில் மூழ்கியிருக்கும் வாழ்வுக்குத் தகவமைந்தவை. செங்கடம்பு இவற்றுள் முதன்மையானது. வெள்ளம் காட்டுக்குள் புகும்போது மீன்களும் உள்ளே செல்கின்றன. உதிர்ந்த இலை, கனி, விதை, பூச்சி ஆகியவை அவற்றுக்கு உணவாகின்றன. வேர்களுக்கும் கிளைகளுக்கும் இடையே மீன்குஞ்சுகள் மறைந்து வளர்கின்றன. மரங்கள் அலையின் வேகத்தைக் குறைத்து, கரை அரிக்கப்படுவதையும் தடுக்கின்றன. எனவே காடு அழியும் இடத்தில் மீன்களின் வளர்ப்பிடமும் அழிகிறது.

கூழைக்கடா, பாம்புத்தாரா, பெருநாரை முதலிய நீர்ப்பறவைகள் பிரெக் தோல் பகுதியின் மரங்களில் கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. காட்டுக்கு வெளியே உள்ள புல்வெளிகள், மிக அருகிவிட்ட பறவையான வங்காள வரகுக்கோழியின் வாழிடமாகும்.

பாதுகாப்பு ஏற்பாடுகள்

1993ஆம் ஆண்டு அரச ஆணையின்படி இப்பகுதி பாதுகாக்கப்பட்ட பகுதிகளுள் ஒன்றாயிற்று. 1997இல் யுனெசுகோ இதனை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. காப்பகம் மூன்று வகை நிலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது.

மையப் பகுதி: பிரெக் தோல், போங் சிமர், ஸ்துங் சென் ஆகிய மூன்று இடங்கள். மொத்தம் சுமார் 42,000 எக்டேர். இங்குப் பாதுகாப்பு மிகக் கடுமையானது.

இடையகப் பகுதி: மையப் பகுதிகளுக்கு வெளியே உள்ள ஏரியும் வெள்ளக்காடும். அளவான மீன்பிடிப்புக்கு இடமுண்டு.

மாறுநிலைப் பகுதி: ஊர்களும் வயல்களும் அடங்கிய வெளிவட்டம்.

மூன்று மையப் பகுதிகளும் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றுள்ளன. போங் சிமர் 1999இலும், பிரெக் தோல் 2015இலும், ஸ்துங் சென் 2018இலும் சேர்க்கப்பட்டன.

நிலப் பயன்பாட்டு மாற்றத்தின் காரணங்கள்

முன்னர் வெள்ளச்சமவெளியில் நீரோடு உயர்ந்து வளரும் மிதவை நெல் பயிரிடப்பட்டது. அதற்குக் காட்டின் உட்பகுதி தேவைப்படவில்லை. பின்னர் வறண்ட காலத்திலும் நெல் விளைவிக்க வேண்டி நீர்த்தேக்கங்களும் கால்வாய்களும் அமைக்கப்பட்டன. இதனால் வயல்கள் ஏரியை நோக்கி முன்னேறின. புல்வெளிகளும் புதர்க்காடுகளும் முதலில் மறைந்தன.

விறகுத் தேவை மற்றொரு காரணமாகும். வீட்டு அடுப்புக்கும், பிடித்த மீனைப் புகையிட்டுப் பதப்படுத்துவதற்கும் வெள்ளக்காட்டு மரமே பயன்பட்டு வந்தது. அழிக்கப்பட்ட இடங்களில், தொட்டாற்சுருங்கி இனத்தைச் சேர்ந்த அயல்நாட்டு முட்செடி பரவி, காடு மீண்டும் முளைப்பதைத் தடுக்கிறது.

தீ மிகப்பெரிய அச்சுறுத்தலாகும். வெள்ளம் குறைந்த ஆண்டுகளில் காட்டின் ஓரங்கள் நனையாமல் காய்ந்துவிடுகின்றன. நிலத்தைத் திருத்தவோ வேறு தேவைக்கோ மூட்டப்படும் தீ அப்போது எளிதில் பரவுகிறது. எல் நீனோ வறட்சி நிலவிய 2016ஆம் ஆண்டில் பல்லாயிரம் எக்டேர் வெள்ளக்காடு எரிந்தது. மேக்கொங் வெள்ளம் 2019, 2020 ஆகிய ஆண்டுகளிலும் தாமதமாகவும் குறைவாகவும் வந்தது. குறைந்த மழையும் மேல்நிலப் பகுதிகளில் கட்டப்பட்ட அணைகளும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன.

உரிமையும் கண்காணிப்பும்

பிரெஞ்சு ஆட்சிக்காலம் முதல் ஏரியின் வளமான பகுதிகள் மீன்பிடிக் குத்தகைகளாக ஏலம் விடப்பட்டன. எளிய மீனவர்கள் அவற்றுள் நுழைய இயலவில்லை. குத்தகைக்காரர்களின் காவலாளிகளோடு மோதல்களும் நிகழ்ந்தன. 2012இல் அரசு இம்முறையை முற்றாக ஒழித்தது. மீனவர்களுக்கு உரிமை கிடைத்தது. ஆயினும் குத்தகைக்காரர்கள் மீனுக்காகக் காத்த காடு, அதன்பின் காவலின்றிப் போயிற்று என்று கருதுவோரும் உளர். காவல் பொறுப்பின் ஒரு பகுதி, போதிய பணமும் படகும் இல்லாத ஊர் மீனவர் குழுக்களின் மீது விழுந்தது.

2021ஆம் ஆண்டின் இறுதியில், அப்போதைய பிரதமர் ஹுன் சென், ஆக்கிரமிக்கப்பட்ட வெள்ளக்காட்டு நிலங்களை மீட்குமாறு ஏரியைச் சூழ்ந்த மாகாணங்களின் நிருவாகங்களுக்கு ஆணையிட்டார். இவ்வாணையால் பெருநில ஆக்கிரமிப்பாளர்களோடு, சில எக்டேர் மட்டும் உழுதுவந்த ஏழை உழவர்களும் நிலம் இழக்க நேர்ந்தது.

விளைவுகள்

ஏரியையும் அதன் சமவெளியையும் சார்ந்து பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வாழ்கின்றனர். கம்போடிய மக்களின் புரத உணவில் நன்னீர் மீன் பெரும் பங்கு வகிக்கிறது. காடு நெல்வயலாக மாறும்போது விளைச்சல் நில உரிமையாளருக்குக் கிடைக்கிறது. மீன் குறைவதன் இழப்போ, நிலமற்ற மீனவர்களையே பெரிதும் சேர்கிறது. மிதக்கும் ஊர்களில் வாழ்வோருக்கு உழுவதற்கு நிலம் இல்லை. ஆகவே இக்காடுகளின் பாதுகாப்பு, எல்லைக் கற்களை நடுவதோடு முடிவதன்று. மேக்கொங்கின் வெள்ளம், உழவர்களின் நிலத்தேவை, மீனவர்களின் உரிமை ஆகிய மூன்றையும் ஒருசேரப் பொருத்தே அது அமைகிறது.