குருமான் ஊற்றருகே ஒரு குடும்பம்

அயல் நாட்டிற் சென்று குடியேறும் ஒருவன் தன் வீட்டையே அங்குங் கொண்டு செல்ல முயல்கிறான். தனது உணவு, உடை, மொழி, வழக்கம் யாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு போகிறான். அந்நாட்டின் மண்ணும் நீரும் அம்மூட்டையை மெல்ல மெல்ல அவிழ்த்து விடுகின்றன. எதனை வைத்திருப்பது, எதனை விடுவது, எதனை அங்குள்ளாரிடம் கற்றுக்கொள்வது என்னும் வினாக்கள் நாள்தோறும் அடுக்களையிலும் தோட்டத்திலும் எழுகின்றன. மிஷனரிமாரின் வரலாறுகளில், மதம் மாறினோர் தொகையும் எழுப்பப்பட்ட ஆலயங்களும் விரிவாகப் பேசப்படும். அவர்தம் குடும்பங்கள் புதிய மண்ணில் உண்டு உறங்கி வாழ எவ்வாறு கற்றன என்பது அத்துணை பேசப்படுவதில்லை. தென் ஆபிரிக்காவின் குருமான் என்னுமிடத்தில் ஏறக்குறைய அரை நூற்றாண்டு வாழ்ந்த மொபற் குடும்பத்தின் கதை இதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும்.

ரொபேட் மொபற் 1795ஆம் ஆண்டில் ஸ்கொட்லாந்தில் எளிய குடும்பமொன்றிற் பிறந்தவர், தொழிலால் தோட்டக்காரர். இங்கிலாந்தில் அவர் வேலைசெய்த நாற்றுப்பண்ணையின் உரிமையாளருடைய மகளே மேரி சிமித். இலண்டன் மிஷனரிச் சங்கத்தின் ஊழியராக ரொபேட் 1816இல் கப்பலேறி, அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் கேப்ரவுணை அடைந்தார். ஒரே மகளை அத்துணைத் தொலைவுக்கு அனுப்ப மேரியின் பெற்றோர் நெடுங்காலம் இசையவில்லை. ஈற்றில் இசைவு கிடைத்ததும் அவர் தனியே கடல் கடந்து வந்தார். 1819 டிசெம்பரில் கேப்ரவுணில் இருவருக்கும் திருமணம் நடந்தேறியது. சில வாரங்களுள், பல சோடி எருதுகள் பூட்டிய மூடு வண்டியில் வடதிசை நோக்கிப் புறப்பட்டனர். ஏறக்குறைய 600 மைல் தூரம். ஆறுகளைக் கடந்தும் வறண்ட வெளிகளிலே தண்ணீர் தேடியும் வாரக்கணக்காகச் செல்லவேண்டிய பயணம் அது. அவர்கள் சேரவேண்டிய இடத்தில் வாழ்ந்தோர் சுவானா இனத்தின் ஒரு பிரிவினராகிய த்லாப்பிங் மக்கள். அவர்களின் தலைவன் மொத்திபி.

வழியிலே கிறீக்குவா நகரில் அவர்கள் சில மாதங்கள் தங்க நேர்ந்தது. மூத்த மகள் மேரி அங்கேதான் 1821இற் பிறந்தாள். அக்காலத்தில் திருமதி மொபற் ஊருக்கு எழுதிய கடிதமொன்றில் ஒரு சிறு செய்தி உண்டு. அங்கிருந்த இன்னொரு மிஷனரியின் மனைவி வீட்டுத் தரையைச் சாணத்தால் மெழுகுவதை அவர் கண்டார். இந்த அழுக்கு வேலை தமக்கு வேண்டாம், இயன்றவரை இதனைத் தவிர்த்துக்கொள்வேன் என்று மனத்துள் எண்ணினார். ஆனால் புழுதியும் தெள்ளுப்பூச்சியும் அவருடைய உறுதியைக் கலைத்துவிட்டன. சில நாட்களிலேயே, மெழுகும் நாளாகிய சனிக்கிழமை எப்போது வருமென அவர் காத்திருக்கத் தொடங்கினார். சாணம் புழுதியை அடக்குகிறது, தெள்ளுகளைக் கொல்கிறது, தரைக்கு நல்ல பச்சை நிறத்தைத் தருகிறது என்று உறவினருக்கு மகிழ்ந்து எழுதினார். நம் கிராமத்து இல்லத்தரசிகளுக்கு இதில் வியப்பொன்றும் இராது. ஆனால் ஆங்கிலேய நாற்றுப்பண்ணைக்காரரின் மகள் ஒருத்தி இவ்வாறு எழுதுமுன் தன் உள்ளத்திலே எத்துணைத் தூரம் பயணஞ் செய்திருக்கவேண்டும் என்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

1821இல் குடும்பம் குருமான் ஆற்றங்கரையில் நிலையாகத் தங்கியது. முதலிற் கிடைத்த பெருந்தொல்லை, வீட்டைத் தமதென்று சொல்லமுடியாமையே. அயலிலுள்ள பெண்கள் விரும்பிய நேரத்தில் வந்து அடுக்களையில் அமர்வர். அவர்கள் மேனியிற் பூசிய கொழுப்பும் செங்காவியும் தொட்ட பொருளிலெல்லாம் ஒட்டிக்கொள்ளும். சாப்பாட்டு நேரம் வந்தாலும் எழுந்து போகமாட்டார்கள். ஆராதனைக்குச் செல்லக் கதவை மூடவேண்டும், தயவுசெய்து வெளியே வாருங்கள் என்று திருமதி மொபற் பணிவாகக் கேட்டாற் சினங்கொள்வதும் உண்டு. கதவைத் திறந்தவாறு விட்டுச் சென்றால், திரும்பிவரும்போது சில பொருள்கள் காணாமற் போயிருக்கும். அதனால் அவர் பல நாட்கள் வீட்டைக் காத்துக்கொண்டு ஆராதனைக்குச் செல்லாதிருந்தார். ஆயினும் இதற்கு மறுபக்கமும் உண்டு. தலைவனின் இசைவோடு வந்த விருந்தினராயினும், அம்மண்ணுக்கு அவர்கள் புதியோரே. கதவை அடைத்துத் தனித்திருத்தலே ஒழுங்கு என்பது அவர்கள் கொண்டுவந்த மூட்டையில் இருந்த வழக்கம். அவ்வூர் வழக்கம் அன்று.

வேலைப் பங்கீடும் அவர்களுக்குப் புதிராயிருந்தது. சுவானா மக்களிடையே நிலத்தைக் கொத்துவதும் பயிரிடுவதும் வீடு கட்டுவதும் பெண்களின் வேலை. மாடு மேய்த்தல், வேட்டையாடல், தோல் பதனிட்டு உடை தைத்தல் என்பன ஆண்களுக்குரியவை. பெண்கள் சிலர் வீட்டுக்குக் கூரை போட வருந்துவதை ஒருநாள் மொபற் கண்டார். உங்கள் கணவன்மாரை இதற்கு உதவச் சொல்லலாமே என்றார். பெண்கள் வாய்விட்டுச் சிரித்தனர். சிரிப்பொலி கேட்டுத் தலைவனின் மனைவி மகுத்துவும் சில ஆண்களும் அங்கு வந்தனர். செய்தியை அறிந்த மகுத்து, யோசனை நல்லதுதான், ஆனால் நடக்கப்போவதில்லை என்று கூறினாளாம். ஆங்கிலப் பெண்ணின் கணவன் மண் சுமந்து சுவர் வைப்பதை அவ்வூரார் எத்துணை வியப்புடன் நோக்கியிருப்பர் என்பதை இந்நிகழ்ச்சியே உணர்த்தும்.

தொல்லைகளுள் மிகக் கடுமையானது தண்ணீர்த் தொல்லை. அங்குள்ள மணற்பாங்கான நிலத்தில் நீர் பாய்ச்சாமல் காய்கறி விளையாது. மொபற்றும் அவரது தோழர் ஹமில்ரனும் ஆற்றிலிருந்து சில மைல் நீளமான வாய்க்கால் ஒன்றை வெட்டினர். அது ஊர்ப் பெண்களின் தோட்டங்களுக்கூடாகச் சென்றது. நீரின் பயனைக் கண்ட பெண்கள் ஆங்காங்கே கரையை வெட்டித் தம் பயிர்களுக்கும் பாய்ச்சிக்கொண்டனர். மிஷனரிமாரின் வீட்டில் குடிப்பதற்குங்கூட நீரில்லாத நாட்கள் வந்தன. இருவரும் வெயிலிலே மூன்று மைல் நடந்து, வெட்டிய இடங்களை அடைத்து, இரவிலே தம் தோட்டத்துக்கு நீர் விட்டனர். இதை அறிந்த பெண்கள் மண்வெட்டிகளுடன் சென்று அணையையே உடைத்துவிட்டனர். தாம் வெட்டிய வாய்க்கால் என்று ஒரு சாராரும், தம் நிலத்தில் ஓடும் நீர் என்று மறு சாராரும் கருதிய வழக்கு அது. இருபக்கத்திலும் நியாயம் இருந்தது.

இந்நிலையில் மழையும் பொய்த்தது. ஊரார் தொலைவிலிருந்து மழை வருவிப்போன் ஒருவனை அழைப்பித்தனர். அவனாலும் மழையைக் கொண்டுவர இயலவில்லை. ஆராதனைக்கு அடிக்கும் மணியோசை முகிலை விரட்டுகிறது என்றும், மொபற் வண்டியிற் கொணர்ந்த உப்புமூட்டையே காரணம் என்றும் பேச்சு எழுந்தது. மூட்டையைப் பார்த்தபோது அதனுள் இருந்தது வெண்களிமண். ஏமாற்றமடைந்த மக்கள் மழை வருவிப்போனையே கொல்ல முனைந்தனர். அப்போது அவனுக்காகப் பரிந்து பேசி உயிரைக் காத்தவர் மொபற். அவன் போன பின்னரும் வறட்சி நீங்கவில்லை. பழி முழுதும் மிஷனரிமார்மீது விழுந்தது. 1822ஆம் ஆண்டளவில் ஒருநாள் தலைவர்களுள் ஒருவர் ஈட்டியேந்திய ஆட்களுடன் வந்து, ஊரைவிட்டுப் போய்விடவேண்டும் என்று ஆணையிட்டார். மொபற் வண்டி திருத்திக்கொண்டிருந்தார். அவர் மனைவி கைக்குழந்தையுடன் வாயிலில் நின்றார். விருப்பமானால் என் மார்பில் ஈட்டியைப் பாய்ச்சுங்கள், நாங்கள் போகமாட்டோம் என்றார் மொபற். சாவுக்கு அஞ்சாத இவர்களுக்குப் பத்து உயிர் இருக்கவேண்டும் என்று கூறி, வந்தவர்கள் திரும்பிச் சென்றனர். இந்நிகழ்ச்சியைக் கூறுவோர் கணவரின் துணிவைப் புகழ்வர். அன்று முதல் ஒவ்வொரு நாளும் அதே வாயிலைத் திறந்து, அதே பெண்களை அடுக்களைக்குள் வரவேற்ற மனைவியின் பொறுமையும் அதற்குக் குறைந்ததன்று.

1823இற் போரினாலும் பஞ்சத்தினாலும் இடம்பெயர்ந்த பெருங்கூட்டமொன்று அப்பகுதியை நெருங்கியது. மொபற் விரைந்து சென்று கிறீக்குவா மக்களின் உதவியை நாடினார். அந்திரீஸ் வாட்டர்பூர் முதலியோர் துப்பாக்கி தாங்கிய குதிரைவீரருடன் வந்து, அவ்வாண்டு யூன் மாதத்தில் டித்தாக்கொங் என்னுமிடத்தில் அக்கூட்டத்தைத் திருப்பி விரட்டினர். தப்பிச் செல்ல வாய்ப்பிருந்தும் தம்மோடு நின்றவர்கள் என்ற எண்ணம் த்லாப்பிங் மக்களிடையே வேரூன்றியது அதன் பின்னரே. அடுத்த ஆண்டில், பேரூற்றுக்குக் கீழுள்ள புதிய இடத்தில் மிஷன் அமைக்கும் வேலை தொடங்கிற்று. குருமானின் கண் எனப்படும் அவ்வூற்று, பாறைக்கடியிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 கோடி லீற்றர் நீரை வெளிப்படுத்துவது. தோட்டக்காரராகிய மொபற் அதன் பெறுமதியை நன்கு உணர்ந்தார். சதுப்பு நிலத்தை வடித்து, வாய்க்கால் வெட்டி, கோதுமையும் காய்கறியும் பழமரங்களும் வைத்தார்.

மொழியைக் கற்பதிலேதான் அவர் மிகவும் பிந்தினார். பல ஆண்டுகள் டச்சு மொழி அறிந்த மொழிபெயர்ப்பாளரைக் கொண்டே பேசிவந்தார். ஆன்ம இரட்சிப்பு மிகப் பெரிய காரியம் என்ற கருத்தை, அது மிகப் பெரிய சாக்கு என ஒருவர் மொழிபெயர்த்தாராம். டச்சு மொழியிற் காரியத்தைக் குறிக்குஞ் சொல்லும் சாக்கைக் குறிக்குஞ் சொல்லும் ஒலியில் நெருங்கியவை. இத்தகைய பிழைகளால் மனம் வருந்திய மொபற், 1827இல் வீட்டைவிட்டுச் சென்று, டச்சு மொழி கேட்காத பரோலோங் மக்களிடையே சில வாரங்கள் வாழ்ந்தார். அவர்களோடு உண்டு, அவர்கள் நகைக்கப் பேசிப் பழகி, செத்சுவானா மொழியைத் தன்வசமாக்கிக்கொண்டு திரும்பினார். அதன் பயன் விரைவிலே தெரிந்தது. 1829இல் முதன்முறையாகச் சிலர் ஞானஸ்நானம் பெற்றனர். ஒருவர்கூட மதம் மாறாதிருந்த காலத்தில், என்ன அனுப்பவேண்டும் என்று இங்கிலாந்துத் தோழி ஒருவர் கேட்டதற்கு, திருவிருந்துப் பாத்திரங்களை அனுப்புக, ஒருநாள் அவை தேவைப்படும் என்று திருமதி மொபற் எழுதியிருந்தார். அப்பாத்திரங்கள் முதலாந் திருவிருந்துக்குச் சற்று முன்னரே வந்து சேர்ந்தன.

1830இற் கேப்ரவுணுக்குச் சென்ற மொபற், தாம் மொழிபெயர்த்த லூக்கா சுவிசேஷத்தைத் தாமே அச்சுக்கோத்து அச்சிடக் கற்றார். திரும்பியபோது இரும்பு அச்சுப்பொறி ஒன்றையும் கொணர்ந்தார். வெண்தாளாக உட்சென்றது எழுத்துகளுடன் வெளிவருவதைக் கண்டு ஊரார் திகைத்தனர். செத்சுவானா மொழியிற் புதிய ஏற்பாடு 1840இல் இலண்டனில் அச்சாயிற்று. முழு வேதாகமமும் 1857இற் குருமானிலேயே நிறைவுற்றது. கல்லாற் கட்டப்பட்ட பெரிய ஆலயம் 1838இல் திறக்கப்பட்டது. அதன் கூரைமரங்கள் தொலைதூர மலைப்பகுதியிலிருந்து எருது வண்டிகளிற் கொணரப்பட்டவை.

இவற்றுக்குக் குடும்பம் கொடுத்த விலையை மறத்தலாகாது. பத்துப் பிள்ளைகளுட் சிலரை அத்தம்பதிகள் சிறுவயதிலேயே இழந்தனர். குருமானில் ஆங்கிலக் கல்விக்கு வழியில்லாமையால், மூத்த பெண்கள் இருவரும் 1830இல் நெடுந்தொலைவிலிருந்த விடுதிப் பாடசாலைக்கு அனுப்பப்பட்டனர். ஒரு கடிதத்துக்கு மறுமொழி வர மாதங்கள் செல்லும். எனினும் அப்பிள்ளைகளே இரு உலகங்களையும் தமதாக்கிக்கொண்டவர்கள். செத்சுவானாவை அவர்கள் நூலிற் கற்கவில்லை, விளையாட்டிற் கற்றனர். மூத்த மகள் மேரி 1845இல் டேவிட் லிவிங்ஸ்ரனை மணந்தாள். அவரது நீண்ட பயணங்களுக்கு அவளுடைய மொழியறிவும் அந்நாட்டு வாழ்க்கைப் பழக்கமும் பெருந்துணையாயின. 1862இல் சாம்பேசி ஆற்றங்கரையில் அவள் உயிர் நீத்தாள்.

மற்றொன்றையும் கூறுதல் நேர்மையாகும். மொபற் அம்மக்களின் மொழியை ஆழக் கற்றாரெனினும், அவர்தம் சமய எண்ணங்களையும் சடங்குகளையும் மதித்துக் கற்றாரல்லர். மழைச் சடங்கின் பின்னே மண்ணும் மக்களும் தலைவனும் ஒன்றாக இணைந்திருந்ததை, நீக்கவேண்டிய மூடத்தனமாகவே கண்டார். சாணத்தைப் பற்றி மனைவி எண்ணத்தை மாற்றிக்கொண்டதுபோல இதிலே கணவர் மாற்றிக்கொள்ளவில்லை. அவ்வீட்டிற் பெற்ற நம்பிக்கையும் பின்னாளிற் பிறர் கைக்குச் சென்றது. அவர் மகன் ஜோன் சிமித் மொபற் 1888இல் மாத்தபேலே மன்னன் லொபெங்குலாவுடன் பிரித்தானிய அரசின் சார்பிற் செய்த உடன்படிக்கை, சிசில் ரோட்சின் கும்பனி அந்நாட்டைக் கைப்பற்றுவதற்கு வழி திறந்தது. மொபற் என்ற பெயருக்கு மன்னன் குடும்பத்தில் இருந்த மதிப்பு அதற்கு உதவியது.

1870இல் முதுமையடைந்த தம்பதிகள் குருமானைவிட்டு இங்கிலாந்து திரும்பினர். அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே மேரி மொபற் காலமானார். ரொபேட் 1883இல் மறைந்தார். அவர்கள் கட்டிய வீடும் ஆலயமும் இன்றும் குருமானில் உள்ளன. ஊற்றும் வற்றாது பாய்கிறது. பிற மக்களுக்குக் கற்பிக்கச் செல்வோர் பலர். கற்பிக்குமுன் அவர்களிடம் கற்கச் சம்மதிப்போர் சிலர். தரை மெழுகுவது போன்ற சிறு காரியங்களில் அச்சம்மதம் எளிதில் வந்துவிடுகிறது. நம்பிக்கை, நிலம், நீர் போன்ற பெருங்காரியங்களிலும் அது வருமாயின், அயலவர் வீட்டு வாயில் எவர்க்கும் அச்சந் தராது.