பைத்தான் கழற்றிய பூட்டு

2025 அக்டோபர் 7 அன்று பைத்தான் நிரல்மொழியின் 3.14 பதிப்பு வெளியானது. எண்ணைப் பார்த்ததும் கணக்கு வாத்தியார்களுக்குப் ‘பை’ நினைவுக்கு வரும். உருவாக்கியவர்களுக்கும் வந்திருக்கிறது: லினக்ஸிலோ மேக்கிலோ ஒரு திட்டத்துக்கென்று புதிதாக ‘வென்வ்’ என்ற தனிச் சூழலை அமைத்தால், பை குறியில் தொடங்கும் பெயரோடு பைத்தானின் இன்னொரு நகலும் உள்ளே உட்கார்ந்திருக்கும். விளையாட்டு அவ்வளவுதான். இந்தப் பதிப்பின் பெரிய செய்தி ஒரு பூட்டைப் பற்றியது.

‘கில்’ என்ற அந்தப் பூட்டு 1992 முதல் பைத்தானுக்குள் இருக்கிறது. ஒரு நிரலில் எத்தனை த்ரெட்கள், அதாவது இணையாக ஓடும் வேலை இழைகள், இருந்தாலும், ஒரு நேரத்தில் ஒன்றுதான் பைத்தான் கட்டளைகளை நிறைவேற்ற முடியும். கல்யாண வீட்டுச் சமையலறையில் எட்டுப் பேருக்கு ஒரே ஒரு அரிவாள்மனை இருக்கிற கதைதான். இன்று கைப்பேசியிலேயே எட்டு கோர் இருக்கிறது. பூட்டு வந்த காலத்தில் வீட்டுக் கணினிக்கு ஒன்றுதான். அப்போது யாருக்கும் அது உறுத்தவில்லை.

பூட்டு எதற்கு? பைத்தானில் ஒவ்வொரு பொருளும், தன்னை எத்தனை இடங்கள் சுட்டுகின்றன என்று ஒரு கணக்கு வைத்திருக்கும். கணக்கு பூஜ்யமானால் அதன் நினைவகம் விடுவிக்கப்படும். இரண்டு த்ரெட்கள் ஒரே சமயத்தில் அந்த எண்ணைத் திருத்தினால் கணக்கு பிசகும். பயன்பாட்டில் இருக்கும் பொருளே அழிந்துபோகலாம். பூட்டு அதைத் தடுத்தது.

கழற்றிப் பார்த்தவர்கள் உண்டு. 1990களில் கிரெக் ஸ்டெயின் முயன்றார். 2016இல் லாரி ஹேஸ்டிங்ஸ் மீண்டும் முயன்றார். பூட்டு போனது, கூடவே வேகமும் போனது. ஒற்றை த்ரெட்டில் ஓடும் சாதாரண நிரல்கள் நத்தையாகிவிட்டன. பிறகு மெட்டா நிறுவனத்தில் இருந்த சாம் கிராஸ் வேறு வழி பிடித்தார். ஒரு பொருளைப் பெரும்பாலும் அதை உருவாக்கிய த்ரெட்தான் தொடுகிறது. அந்த த்ரெட்டுக்கு மலிவான தனிக் கணக்கு, மற்றவற்றுக்கு மட்டும் கூடுதல் பாதுகாப்போடு இன்னொரு கணக்கு. 2023இல் அவர் திட்டம் ஏற்கப்பட்டது. 2024இல் வந்த 3.13இல் பூட்டில்லாப் பதிப்பு சோதனைக்காக மட்டும். ஒற்றை த்ரெட் நிரல்கள் சுமார் 40 சதவீதம் மெதுவாக ஓடின. 3.14இல் அந்த இழப்பு 5 முதல் 10 சதவீதம். ‘சோதனை’ என்ற முத்திரையும் நீங்கிவிட்டது.

ஆனாலும் நீங்கள் வழக்கம்போல் இறக்கி நிறுவினால் வருவது பூட்டுள்ள பைத்தான்தான். மற்றதைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த நிதானத்தைப் பாராட்டுகிறேன். 2008இல் பைத்தான் 3 வந்தபோது பழைய நிரல்கள் அதில் ஓடவில்லை. பைத்தான் 2க்கு விடைகொடுக்க 2020 ஆகிவிட்டது. அந்தச் சூடு பைத்தானை உருவாக்குபவர்களுக்கு இன்னும் ஆறவில்லை. இப்போதும் சி மொழியில் எழுதிய நூலகம் ஒன்று பூட்டில்லாமல் இயங்கத் தயார் என்று சொல்லாவிட்டால், அதை அழைத்ததும் பூட்டில்லாப் பைத்தான் ஓர் எச்சரிக்கையோடு பூட்டைத் தானே மாட்டிக்கொள்கிறது.

இந்தப் பதிப்பின் அடுத்த புதுமை டி-ஸ்ட்ரிங். 2016 முதல் எல்லோரும் எழுதும் எஃப்-ஸ்ட்ரிங்கின் தம்பி. எஃப்-ஸ்ட்ரிங், வாக்கியத்துக்குள் மதிப்புகளைச் செருகி ஒரே சரமாக்கித் தந்துவிடும். தரவுதளக் கேள்வியை அப்படி எழுதினால், பெயர்க் கட்டத்தில் விஷமி ஒருவன் தட்டும் கட்டளையும் கேள்வியின் பகுதியாகிவிடும். எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் என்ற திருட்டு நுழைவது அந்த வழியில்தான். டி-ஸ்ட்ரிங் நிரலர் எழுதியதையும் வெளியிலிருந்து வந்ததையும் தனித்தனியாகவே வைத்திருக்கும். ஆனால் அதுவே காவல்காரன் அல்ல. வெளியிலிருந்து வந்ததைச் சுத்தம் செய்கிற நூலகங்கள் வேண்டும். அவை இனிமேல்தான் பெருக வேண்டும்.

சில்லறை வசதிகளும் உண்டு. ‘வைல்’ என்பதை எழுத்துப்பிழையோடு தட்டினால், இதைத்தானே சொன்னீர்கள் என்று பைத்தானே கேட்கும். ஊடாடும் திரையில் தட்டத் தட்ட வண்ணம் தெரியும். புதிதாகக் கற்பவர்களுக்கு, என்னைக் கேட்டால், பூட்டைவிட இவை உதவும்.

சொந்தப் பழக்கத்துக்கு நிரல் எழுதுபவர்கள் தயங்காமல் 3.14க்கு மாறலாம். அலுவலகத்தில், பயன்படுத்தும் நூலகங்கள் ஒவ்வொன்றும் அதை ஆதரிக்கின்றனவா என்று பார்த்துவிட்டு மாறுங்கள். 3.9இலேயே இருப்பவர்கள் மட்டும் காத்திருக்க வேண்டாம்: அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டன.